நாலு லொறி விலையில் ஒரு குதிரை

நான் முன்பு வேலை செய்த குதிரை மருத்துவமனையில் போன மாதம் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகும் வருசத்தில் ஒன்றிரண்டு தடவை இப்படிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். நானும் பிக்கரிங்கில் இருக்கிற என் வீட்டிலிருந்து ஒரு சட்டி இறால் பொரியலோடு போய்விடுவேன். அன்றைக்கு ஆரணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை, இந்த மருத்துவமனையில் மருத்துவராகச் சேர்ந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுதாய்க் காணவில்லை. கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் ஒரு குதிரை போன விலை அதில் இருந்தது.

"அன்ரி, திஸ் இஸ் க்ரேஸி. இது தடை பாயிற குதிரை. கெல்டிங் வேற. இதை வச்சுக் குட்டிகூட எடுக்கேலாது. ஹூ பேய்ஸ் திஸ் மச்?"

நல்ல கேள்விதான். சமதரையில் ஓடும் குதிரை ஒன்று பெரிய பந்தயம் வென்றால், பிறகு அதைப் பொலிகுதிரையாக வைத்து ஒவ்வொரு குட்டிக்கும் பணம் வாங்கலாம். அங்கே பெரிய விலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வேலிகளையும் தடைகளையும் பாய்ந்து ஓடும் குதிரைகள் அப்படியல்ல. அநேகமானவை சிறு வயதிலேயே விதை நீக்கப்பட்ட கெல்டிங்குகள். ஓடும், பாயும், ஒருநாள் நின்றுவிடும். அவை வெல்லும் பரிசுப்பணம் பெரும்பாலும் தீனிக்கும் காணாது. அப்படியிருந்தும் ஆட்கள் அவற்றுக்காக ஏலக்கூடத்தில் ஒரு வீட்டின் விலையைக் கொடுக்கிறார்கள். கனடாவில் அந்தப் பந்தயம் இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் ரொறன்ரோவைச் சுற்றி இருக்கிற சிலர் அக்கரையில் குதிரை வாங்கி, அங்கேயே ஒரு பயிற்சியாளரிடம் விட்டு ஓட்டுகிறார்கள். அவர்களோடு கூடப் போய்க் குதிரையைப் பார்த்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது.

ஆரணிக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வசனத்தில் சொல்லக்கூடிய பதிலும் அல்ல. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, வவுனியாவில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் வைத்தியம் பார்த்து, கனடாவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டு கோப்பிக் கடையில் வேலை செய்தபடி மறுபடி எல்லாப் பரீட்சையும் எழுதியது என்னைப் போலப் பலருக்கும் நடந்த கதை. அதை நீட்ட விரும்பவில்லை. நகரத்துக்கு வடக்கே இருந்த அந்தக் குதிரை மருத்துவமனைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, எனக்குக் குதிரை அனுபவம் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதன் தலைவர் டொக்டர் ஹார்ட்லி நெட்டையான மனிதர். பேசுகிற சத்தம் பக்கத்து நாற்காலிக்கு மேல் போகாது. "மாடு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நிறைய."

"கோபமான மாடு?"

"எங்கள் ஊரில் வேறு மாதிரி மாடு கிடையாது."

"திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

வாங்குவதற்கு முன் ஒரு குதிரையைப் பார்ப்பது எப்படி என்று அவர் ஒருபோதும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. கூடப் போய்ப் பார்த்ததுதான். கொட்டில் வாசலில் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். தொடமாட்டார், பேசமாட்டார். குதிரை எந்தக் காலுக்குப் பாரத்தைக் கொடுத்து நிற்கிறது, வைக்கோல் எங்கே மிஞ்சிக் கிடக்கிறது, சுவரில் எந்த உயரத்தில் மரம் கடிபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். விற்கிறவர் பொறுமை இழந்து குதிரையின் வம்சக் கதையைத் தொடங்குவார். இவர் ஏதோ மழையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

அதற்குப் பிறகுதான் உள்ளே போவார். கண், பல், இதயம். குழாய்க் கமராவை மூக்கு வழியாக விட்டுத் தொண்டையைப் பார்ப்பார். மூச்சுக்குழலின் வாசல் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் திறக்கிறதா என்பது முக்கியம். இடது பக்கம் சோம்பலாக இருந்தால் அந்தக் குதிரை ஓடும்போது இரையும், காற்றுப் போதாமல் கடைசித் தடையில் தளரும். பிறகு முன்காலைத் தூக்கி முழங்காலில் மடித்து வைத்துக்கொண்டு, பின்புறத்து நரம்பை, அதாவது தசைநாணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக வருவார். அப்போது அவர் காலைப் பார்க்கமாட்டார், குதிரையின் காதைப் பார்ப்பார். நோகிற இடத்துக்கு விரல் வந்ததும் காது சொல்லிவிடும். கடைசியாகக் கெட்டியான தரையில் நடக்கவும் ஓடவும் விட்டு, பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்பார்.

கண்டதைச் சொல்வார், அதோடு நிறுத்துவார். 'வாங்குங்கள்', 'வாங்காதீர்கள்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. ஒருமுறை காரில் வரும்போது ஏனென்று கேட்டேன்.

"அவர்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஜெயா. தெரியாத விஷயத்துக்கு நான் எப்படி ஆலோசனை சொல்ல?" என்றார்.

எனக்கு அது அப்போது தப்பிக்கிற பதிலாகத்தான் பட்டது. பணக்காரர்கள் எதற்கு வாங்குவார்கள்? பெருமைக்கு. ஆனால் வருசம் போகப் போக ஆட்களைக் காணத் தொடங்கினேன். மைத்துனருடைய குதிரையை ஒரே ஒரு தடவை தோற்கடிக்க வேண்டும் என்று வாங்கிய பல் வைத்தியர் ஒருவர். அவர் அப்படித் தோற்கடித்தார், அடுத்த கிழமையே குதிரையை விற்றுவிட்டார். ஏலக்காரர் கூட்டத்துக்கு நடுவில் தன் பெயரைச் சொல்கிற அந்தக் கணத்துக்காகவே வருகிற கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர். முன்பு வைத்திருந்த குதிரைக்கு இருந்ததுபோலவே நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது என்பதற்காக, சுமாரான குதிரைக்கு அள்ளிக் கொடுத்த ஓர் அம்மா. ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குள் நன்றாக இறங்கியது அன்ரனி அண்ணையாலும் ரெஜினா அக்காவாலும்தான்.

அவர்களை எனக்கு டோர்செட் பார்க் காலத்திலிருந்தே தெரியும். எங்கள் தொடர்மாடியிலேயே இருந்தார்கள், ஒரே மாதா கோவில் பூசைக்குப் போனோம். அண்ணை நெடுந்தீவுக்காரர், அக்கா மன்னார். அண்ணை வேறொருவருடைய லொறியை ஓட்டத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, மிசிசாகாவில் பெரியதொரு லொறிக் கொம்பனியாக அதை வளர்த்தார். கணக்கு வழக்கில் ஒரு சதம் பிசகாத மனிதர். எதை வாங்கினாலும் அது எப்போது தன் விலையைத் திருப்பித் தரும் என்று கேட்கிறவர்.

அப்படிப்பட்டவர் கொம்பனியை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு, லண்டனில் மருமகள் முறையான ஒரு பிள்ளையின் கலியாணத்துக்குப் போன இடத்தில் யாரோ கூட்டிக்கொண்டு போய், மாரிக் குளிரில் நடக்கிற தடைப் பந்தயம் காட்டிவிட்டார்கள். திரும்பி வந்து எனக்கு ஃபோன் அடித்தார்.

"பிள்ளை, எனக்கு ஒரு குதிரை வேணும். பாயிற குதிரை. நீங்கள் வந்து பாத்துச் சொல்ல வேணும்."

நெடுந்தீவில் சொந்தக்காரர் இல்லாமல் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அதனால் கண்டவர்கள் எல்லாரும் அண்ணையிடம் அதையே கேட்டார்கள். சின்ன வயதில் பார்த்த குதிரைகளின் ஞாபகம்தானே என்று நானும் கேட்டேன்.

"எல்லாரும் உதைத்தான் கேக்கினம்" என்று அலுத்துக்கொண்டார். "நான் தீவில ஒரு குதிரைக்குக் கிட்டப் போனது கிடையாது. கடிக்கும் எண்டு எனக்குச் சரியான பயம். இப்பவும் பயம்தான்."

மூத்த மகன் ரொஷான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படியாவது இதை நிறுத்தச் சொன்னான். நிறுத்துவது என் வேலை இல்லை என்று சொன்னேன். டொக்டர் ஹார்ட்லி அப்போது ஓய்வுபெற்றிருந்தார், நான்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. அண்ணையும் அக்காவும் நானும் இங்கிலாந்துக்குப் போனோம். அங்கே கெவின் என்ற ஐரிஷ்கார முகவர் எங்களுக்காக ஒரு குதிரையைப் பார்த்து வைத்திருந்தார்.

அழகான குதிரை. கபில நிறம், ஐந்து வயது. அயர்லாந்தில் விவசாயிகளின் வயலில் நடக்கிற போட்டி ஒன்றில் ஓடி, மற்றவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வென்றிருந்தது. ஒரேயொரு பந்தயம். அந்த ஒன்றை வைத்தே விலை ஏறும், ஏனென்றால் தோற்றுக் காட்டாத குதிரைமேல் யாரும் எதையும் நினைத்துக்கொள்ளலாம். அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ரெஜினா அக்கா பார்த்தவுடனே அதைப் "பொடியன்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அது பொடியன்தான்.

அந்த நாட்டில் எனக்கு மருத்துவம் செய்ய அனுமதி இல்லை. அங்குள்ள ஒரு மருத்துவர் கருவிகளைப் பிடித்தார், நான் பக்கத்தில் நின்றேன். கையால் தடவிப் பார்க்க விற்பனைக்காரர் சம்மதித்தார். கொட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். தொண்டை நல்லது. இதயம் மிக நல்லது. இடது முன்காலைத் தூக்கி நாணைப் பிடித்துக் கீழே வந்தேன். நடுவுக்குச் சற்றுக் கீழே வந்தபோது பொடியனின் காது ஒரு தடவை பின்னால் போய் முன்னால் வந்தது.

மறுபடி பிடித்தேன். மறுபடி அதே காது.

ஸ்கான் பண்ணிப் பார்த்தோம். வெள்ளை நார்களுக்கு நடுவே மிளகளவு ஒரு கறுப்பு. நார் அறுந்து ஆறிக்கொண்டிருக்கிற இடம், அல்லது அறத் தொடங்குகிற இடம். அந்த நேரத்தில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கெவின் என்னோடு கூட நடந்து வந்தார். கெட்டவர் அல்ல, ஆனால் விற்றால்தான் அவருக்குப் பணம். "ஓடின குதிரையில் இப்படிச் சின்னச் சின்ன அடையாளம் இருக்கத்தானே செய்யும், டொக்டர். 'வயதுக்குப் பாதகமில்லை' என்று சொன்னால் பொய்யாகாது" என்றார்.

"நான் கண்டதைத்தான் சொல்வேன்" என்றேன்.

"உங்கள் ஆள் இந்தக் குதிரைக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறார். வெறுங்கையோடு அனுப்பப் போகிறீர்களா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அண்ணையின் முகத்தில் இருந்த ஆசை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாண் தடைக்கு மேலே போய் இறங்குகிற இடத்தில் அறுந்தால், விழப்போவது குதிரை மட்டுமல்ல. மேலே அதை ஓட்டுகிற ஒரு பிள்ளை இருப்பான்.

ஏலக்கூடத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தமிழில் சொன்னேன். எந்த இடம், எவ்வளவு பெரிசு, என்னவெல்லாம் ஆகலாம் என்று சொன்னேன். அண்ணை தேநீரைத் தொடாமல் கேட்டார்.

"இந்த மாரிக்கு ஓடினா?"

"அறக்கூடும் அண்ணை. குதிரையும் விழலாம், ஓடுற பிள்ளையும் விழலாம்."

"ஓய்வு குடுத்தா?"

"ஒரு வருசம் ஓடாமல், நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் காலைப் பழக்கினா நல்லா ஆற இடமிருக்கு. ஆனா நான் உறுதி தரமாட்டன்."

"நீங்களெண்டா வாங்குவியளோ?"

"அதை நான் சொல்லேலாது அண்ணை."

ரெஜினா அக்கா ஒன்றுமே கேட்கவில்லை. தன் தேநீரைக் குடித்து முடித்து, அண்ணையுடையதையும் எடுத்துக் குடித்தார். கடைசியில் அண்ணை, "ஓய்வு குடுக்கிறதெண்டே வச்சுக்கொள்ளுவம். ரெண்டு லொறிக் காசு. அதுக்கு மேல ஒரு சதமும் இல்லை" என்றார்.

ஏலக்கூடம் வட்டமானது. நடுவில் மணல் போட்ட வளையத்தில் பொடியன் சுற்றிச் சுற்றி நடந்தது. ஏலக்காரரின் வேகமான ஆங்கிலம் அண்ணைக்குப் பிடிபடவில்லை, எனக்கும் பாதிதான். ஆனால் அவர் விலையை லொறியில் மாற்றி மாற்றி எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு லொறி... ஒண்டரை... இது ரெண்டு."

இரண்டில் நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் தட்டைத் தொப்பி போட்ட ஒருவர் கண்ணிமைக்காமல் ஏற்றிக்கொண்டு போனார். யாரோ பெரிய உரிமையாளரின் ஆள், இந்த மாரிக்கே ஓட விடுவார்கள் என்று கெவின் காதில் சொன்னார். அண்ணை கையை மறுபடியும் தூக்கினார். தன் சொல்லை அவர் மீறி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டரை... மூண்டு லொறி, பிள்ளை. எனக்கு என்ன விசரோ?"

மூன்றுக்குச் சற்று மேலே போனதும் அவர் கை மடியில் இறங்கியது. தலையை ஆட்டினார். ஏலக்காரர் எங்களைப் பார்த்து ஒருமுறை கெஞ்சினார், அண்ணை மறுபடி தலையை ஆட்டினார். ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கிவிட்டார்.

அப்போது அண்ணையின் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு கை மேலே போனது. ஊதா நிறக் குளிர்க் கோட்டின் கை. கையில் செபமாலை சுற்றியிருந்தது.

ஏலக்காரர், "புதிதாக ஓர் ஆள், அந்த அம்மா!" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. தொப்பிக்காரர் ஏற்றினார். அக்கா கையை இறக்கவே இல்லை. திருப்பலியில் சமாதானம் சொல்லக் காத்திருக்கிற மாதிரி அப்படியே வைத்திருந்தார். தொப்பிக்காரர் இன்னும் இரண்டு தடவை ஏற்றிப் பார்த்து, அந்தக் கை அசையாததைக் கண்டு, சிரித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

சுத்தியல் விழுந்தது. நாலு லொறி. அந்த நேரம் பிக்கரிங்கில் ஒரு புது வீடு.

"ரெஜினா, உமக்கென்ன நடந்தது?" என்றார் அண்ணை.

"கை உளைஞ்சு போச்சு" என்றார் அக்கா.

ரொறன்ரோவுக்கு வந்ததும் டொக்டர் ஹார்ட்லியைப் பார்க்கப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கால் விஷயத்தை ஏலத்துக்கு முன்னமே சொல்லிவிட்டீர்களா?" "ஓம்" என்றேன், தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ரொஷான் கொதித்துப் போயிருந்தான். "அப்பா, யூ போட் எ பாட் லெக்! நாலு லொறிக்கு ஒரு பழுதான கால்!" என்று கத்தினானாம். இங்கிலாந்தில் பொடியனைப் பொறுப்பெடுத்த பயிற்சியாளருக்கும் பொறுமை கொஞ்சம் குறைவுதான். ஆனால் அண்ணை பிடிவாதமாக ஒரு வருசம் பொடியனை ஓட விடவில்லை. ஸ்கான் படங்கள் எனக்கு வந்துகொண்டிருந்தன. மிளகு கடுகானது. பிறகு ஒரு படத்தில் நான் தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவமனைப் பின்வாசலில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். என் வேலைக் காலத்தில் மிக நல்ல நாட்களில் அது ஒன்று.

முதற் பந்தயத்தில் பொடியன் இரண்டாவது தடையிலேயே தவறி விழுந்தது. ஓட்டிய பையன் எழும்பிச் சேறைத் துடைத்துக்கொண்டு நடந்தான், பொடியன் ஆளில்லாமலே கடைசிவரை ஓடி முதலாவதாக வந்தது. அது கணக்கில் சேராது. அடுத்ததில் ஐந்தாவது. அதற்கடுத்ததில் இரண்டாவது.

நாலாவது பந்தயம் ஒரு வேலைநாளில், மழையில், சின்னதொரு மைதானத்தில் நடந்தது. அங்கே பிற்பகல், இங்கே காலை. மிசிசாகாவில் அண்ணை வீட்டில் கணினியைத் தொலைக்காட்சியோடு பொருத்தி எல்லாரும் கூடியிருந்தோம். ரெஜினா அக்கா சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார், பார்க்க நெஞ்சு இடம் கொடாது என்றார். கடைசித் தடைக்கு மூன்று குதிரைகள் ஒன்றாக வந்தன. பொடியன் தூரத்திலிருந்தே எழும்பியது. நான் படத்தில் இடது முன்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. தாங்கியது. ஓடியது.

அந்த வீட்டில் பெரிதாகக் கத்தியவன் ரொஷான்தான். "கோ பொடியன்! கோ!" என்று சோபாவில் ஏறி நின்றான். அண்ணை தலைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். வென்ற பரிசுப்பணம் ஒரு லொறிக்கு ரயர் போடவும் காணாது.

நான் சமையலறைக்குப் போய், "அக்கா, வெண்டிட்டுது" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பை நிறுத்தினார். அப்போதுதான் நான் துணிந்து கேட்டேன். "அண்டைக்கு ஏனக்கா கையைத் தூக்கினனீங்கள்?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, கொம்பனி நடந்த காலத்தில இந்த மனுசனுக்கு ஃபோன் அடிச்சபடி. லொறி நிண்டிட்டுது, ட்ரைவர் வரேல்லை, எல்லையில பிடிச்சிட்டாங்கள் எண்டு, சாப்பிட விடாயினம். பெடியளிட்டைக் குடுத்த அடுத்த நாள் ஃபோன் நிண்டிட்டுது. இவர் அதைக் கையில வச்சுக்கொண்டு யன்னலுக்குப் பக்கத்தில இருப்பார். சத்தம் குறைஞ்சிருக்கோ எண்டு திருப்பித் திருப்பிப் பாப்பார். ஒருநாள் என்னை மற்ற அறையில இருந்து அடிச்சுப் பாக்கச் சொன்னார், வேலை செய்யுதோ எண்டு." கோப்பைகளை எடுத்து வைத்தார். "நீங்கள் அந்தத் தேத்தண்ணிக் கடையில, கால் பழுது, ஒரு வருசம் பாக்க வேணும் எண்டு சொன்னியள் பாருங்கோ, அப்பதான் எனக்கு அந்தக் குதிரையைப் பிடிச்சது. நல்ல காலெண்டா ஆர் எங்களுக்கு ஃபோன் பண்ணுவினம்? பழுதான காலெண்டா கிழமைக்கு ரெண்டு தரமெண்டாலும் சொல்லத்தானே வேணும்."

நான் அந்த நாணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தவள். ஸ்கானில் பார்த்தவள். அந்தக் கறுப்புப் புள்ளிக்கு இப்படியும் ஒரு விலை இருக்கும் என்று எந்தக் கருவி சொல்லும்?

பொடியன் அதற்குப் பிறகு மூன்று மாரி ஓடியது, இன்னும் ஒரு தடவை வென்றது. கால் கடைசிவரை தாங்கியது. இப்போது அயர்லாந்தில் ஒரு புல்வெளியில் கொழுத்துப்போய் நிற்கிறது. அண்ணை அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கப் பார்க்கிறார் என்று கேள்வி.

அந்த நாலாவது பந்தயத்தன்று சமையலறையில் நாங்கள் இருவரும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ஃபோன் அடித்தது. பயிற்சியாளர். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, கேளுங்கோ என்று கண்ணால் காட்டினார். கூடத்தில் அண்ணை சத்தமாக, தன் லொறிக்கார ஆங்கிலத்தில், பொடியன் எங்கே பின்னால் நின்றது, எங்கே முன்னுக்கு வந்தது, கடைசித் தடையை எப்படிப் பாய்ந்தது என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், மைதானத்தில் மழையில் நனைந்தபடி அதை நேரில் பார்த்த மனிதருக்கே.